வாப்பாவின் புல்லட்டும் போக்ஸ் சக்கரமும்



வாப்பா விட்டுச்சென்றவற்றுள் 1980களில் வாங்கிய புல்லட் 350ம் ஒன்று. பெசன்ட் நகரின் உப்புக்காற்றில் நின்று நின்று அதன் மட்கார்டு துருவேறிப் போயிருந்தது. சக்கரத்தைத் தொடுமுன் நாங்கள் மீராஸ் கணக்கைத் தொட வேண்டியிருந்தது. பழைய வண்டிதானே என்று ஆண்மக்கள் பேசாமல் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் சர்வசாதாரணம், பெண்மக்களும் கேட்பதில்லை. வண்டிக்கு மதிப்புப் போட்டு, உம்மாவுக்குரிய எட்டில் ஒரு பங்கையும் லாத்தாவின் பங்கையும் பணமாகக் கொடுத்தோம். வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31ஐக் கொடுத்துப் பதிவுச் சான்றும் காக்கா பெயருக்கு வந்த பிறகே மெக்கானிக்கைத் தேடினோம்.

இந்த வண்டி நம் ஊர்க்காரர்தான். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து நிறுவனத்தோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. திருவொற்றியூர் ஆலையில்தான் புல்லட் உருவானது. கம்பிச் சக்கரம் அதன் பிறவி அடையாளம். இடையில் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு வாப்பா அலாய் சக்கரம் மாட்டியிருந்தார்கள். அளவு சரியாகப் பொருந்தாத அந்தச் சக்கரம், வேகம் கூடினால் கைப்பிடியை நடுங்கவைத்தது.

போக்ஸ் சக்கரத்தில் வண்டியின் பாரம் கீழ்க்கம்பிகள்மீது நிற்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் எல்லாக் கம்பிகளும் முறுக்கேறி இழுபட்ட நிலையில் இருப்பதால்தான் ரிம் நிலைகுலையாமல் நிற்கிறது. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் வேலை பக்கத்துக் கம்பிகளின்மேல் விழும். ஜமாஅத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நல்ல உவமை; நாங்கள் அதை இத்தோடு விடுகிறோம். 19 அங்குல ரிம்மைச் சுற்றவிட்டு, நிப்பிளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி மெக்கானிக் கோட்டம் எடுத்ததைப் பார்க்க ஒரு முற்பகல் முழுவதும் போயிற்று. கடற்காற்றை எண்ணித் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையே கேட்டு வாங்கினோம். குறையும் உண்டு: கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் வேண்டும், பஞ்சரானால் டியூப்லெஸ் டயரைவிடச் சட்டென்று காற்று இறங்கிவிடும்.

எங்களுக்குள் விவாதம் மூண்டது பிரேக்கில்தான். பழைய புல்லட்டின் முன்சக்கரத்தில் இருப்பது 6 அங்குல டிரம். உள்ளே உள்ள இரண்டு ஷூக்களில் ஒன்றுதான் சுழற்சியின் போக்கில் டிரம்மோடு தானே இறுகும். மற்றது அவ்வளவாகப் பிடிக்காது. திருவான்மியூர் பக்கம் பேருந்து ஒன்று குறுக்கே வந்து நின்றால் அந்தப் பிடிப்பு போதவே போதாது. தம்பி டிஸ்க் போடலாமென்றான். அதற்கு முன்கவையையே மாற்ற வேண்டியிருந்தது. செலவு ஒருபுறம் இருக்க, எலியட்ஸ் கடற்கரையில் நாலுபேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்ததை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். பின்னாளைய புல்லட்டுகளில் வந்த 7 அங்குல டிரம்மையே தேர்ந்தோம். அதில் இரண்டு ஷூக்களும் சுழற்சியின் போக்கிலேயே இறுகுகின்றன. மேட்டில் வண்டி பின்னோக்கி உருளும்போது மட்டும் அதன் பிடி குறையும். அங்கே பின்பிரேக்கை மிதிக்க வேண்டும்.

ஹப்பும் பிரேக் தட்டும் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனோம். பாதி விலைக்குக் கிடைத்தது. பில் கிடையாது என்றார் கடைக்காரர். எந்த வண்டியிலிருந்து கழன்றதென்று தெரியாத பொருளில் நாங்கள் ஏறி உட்கார முடியாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பில்லோடு புதிதாகவே வாங்கினோம். பழைய ஷூக்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைத் திறந்தபோது தூசியை வாயால் ஊத வேண்டாமென்று மெக்கானிக்கைத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம்.

“சைலன்சரும் மாத்திடலாமே, பாய்?” என்று அவர் கேட்டார். வேண்டாமென்றோம். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் தந்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சட்டம் இல்லாவிட்டாலும், ஃபஜ்ருக்குக் கிளம்புகையில் தெருவையே எழுப்ப எங்களுக்கு என்ன உரிமை?

“வாப்பா இத்தனை வருஷம் அதே பிரேக்கில்தானே ஓட்டினார்கள்? அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றார்கள் உம்மா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலைக் காக்கா நினைவூட்டினார். “அப்போ இவ்வளவு நாள் கட்டாமலா ஓட்டினார்கள்?” என்று உம்மா திருப்பிக் கேட்டபோது எங்களிடம் பதிலில்லை. அன்றைய சாலை வேறு, இன்றைய சாலை வேறு என்று மட்டும் சொன்னோம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் ஏபிஎஸ் பிரேக்கோடுதான் விற்கப்படுகின்றன. முன்னே போகிற வண்டி நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நின்றுவிடும்.

புதுக் கம்பிகள் பதிந்து சற்றே தளரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். உம்மா இன்னும் ஏறவில்லை. லாத்தாவின் மகன் சென்ற ஜும்ஆவுக்குப் பின்னிருக்கையில் ஏறினான், ஹெல்மெட்டுக்கு அடியில் தொப்பி நசுங்குகிறதென்று முனகியபடி.