யார் பார்த்தது?

பொன்னேரி நீதிமன்றத்தில் நான் நடத்திய பல வழக்குகளின் எண்கூட இப்போது நினைவில் இல்லை. ஒரு நிலத் தகராறு மட்டும் தீர்ப்பு வந்த பிறகும் என்னை விடவில்லை. அதில் சாட்சிக் கூண்டில் எழுந்த ஒரு கேள்விதான் காரணம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஊரார் வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் வைத்திருந்த திடலுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வேலி போட வந்தார். தன் முன்னோர் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த பூமி அது என்பது அவர் வாதம். ஊருக்காக நான் ஆஜரானேன். எங்கள் முதல் சாட்சி எழுபது வயதைத் தாண்டிய மீனவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்.

"அங்க நெல்லு வெளஞ்சதே இல்ல சாமி. ஒரு சாண் தோண்டிப் பாருங்க, சிப்பி அடுக்கடுக்கா கெடக்கும். ஏர் ஓடின மண்ணுல சிப்பி அப்படிப் படுத்திருக்குமா?" என்றார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே யாரும் உழவில்லை என்று சொல்கிறீர்களே, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

பெரியவர் தடுமாறவில்லை. "நான் பொறக்கறதுக்கு முந்தி நடந்தத நான் எப்படிப் பாக்க முடியும்? மண்ணு பாத்துக்கினு இருந்துது. அதக் கேளுங்க."

மண்ணைக் கேட்க வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி மனுச் செய்தேன். ஆணையர் வந்து நான்கு இடங்களில் குழி எடுக்கச் செய்தார். நான்கிலும் ஒரு சாண் ஆழத்தில் கலையாத சிப்பி அடுக்கு இருந்தது. அடங்கல் பதிவேட்டிலும் பயிர்ப் பதிவு ஏதும் இல்லை.

அது 2018 ஜனவரி. ஆய்வு முடிந்ததும் பெரியவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். திண்ணையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பரிணாமப் பாடத்தைச் சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மனிதனும் வாலில்லாக் குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்ற வரி வந்ததும் பெரியவர் சீறினார்.

"யாரு பாத்தது? டில்லியில மந்திரியே சொல்லிட்டாராம், கொரங்கு மனுசனா மாறுனத எவனும் பாக்கலைன்னு."

அந்த வாரம் செய்தி அதுதான். மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு என்றும், குரங்கு மனிதனாவதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை என்றும் பேசியிருந்தார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் கூட்டறிக்கை விட்டு அதை மறுத்தன. அரசியலுக்கு வருமுன் அவர் மும்பை காவல் ஆணையராக இருந்தவர். கண்ட சாட்சி இல்லாத கொலையை எப்படி நிரூபிப்பது என்று காவல்துறைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஐந்து விதிகளை வகுத்தது. சூழ்நிலைகள் சங்கிலியாக அறுபடாமல் கோத்து நிற்க வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது என்பது அவற்றின் சாரம். பரிணாமத்துக்கும் அப்படிப்பட்ட சங்கிலி உண்டு. மனிதக் குரங்குகளுக்குக் குரோமோசோம் 48, நமக்கு 46. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவே, வழக்கமாக முனையில் மட்டுமே இருக்கவேண்டிய அமைப்பு, இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியதன் தடயமாக, தலைக்குத்தலையாகக் கிடப்பதை 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு சர்வே எண்களை ஒன்றாக்கிய பிறகும் நடுவில் பழைய எல்லைக்கல் புதைந்து கிடப்பதைப் போன்றது அது.

"பெரியவரே, கூண்டில் உங்களைக் கேட்ட அதே கேள்வியைத்தான் நீங்கள் இந்தப் பிள்ளையிடம் கேட்கிறீர்கள்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சிப்பி எங்க பாட்டன் பேச்சப் பொய்யாக்கல வக்கீலய்யா. இது பாட்டனையே இல்லைங்குது. பாட்டன் இல்லைன்னா பாடு எங்கேர்ந்து வரும்?"

பாடு என்பது இந்த ஏரியின் எழுதாத சட்டம். எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். அந்தக் குலுக்கலில் பெயர் இருக்கவேண்டுமானால் இன்னார் மகன், இன்னார் பேரன் என்ற பிறப்பு வேண்டும். பட்டா இல்லாத மக்களுக்குப் பரம்பரைதான் பத்திரம். இறால் வரத்து குறைந்து முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் அந்தப் பத்திரம் ஒன்றே கையில் மிச்சம். அப்படிப்பட்டவரிடம் போய் உன் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று வேறு ஒருவன் சொன்னால், பாடத்துக்கு முன்னால் உரிமை நினைவுக்கு வருகிறது.

சாட்சிகளைப் பல ஆண்டு பார்த்தவன் நான். ஆதாரம் புரியாமல் மறுப்பவர்கள் குறைவு. ஒப்புக்கொண்டால் எதை இழப்போம், ஊரில் யார் முகத்தில் விழிப்போம் என்று எண்ணி மறுப்பவர்களே அதிகம். ஏற்பவர்களும் இதே வழியில்தான் ஏற்கிறார்கள். ஏன் நம்புகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "எங்க டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். நானும் கல்லூரியில் எனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரை நம்பித்தான் டார்வினை நம்பினேன். குரோமோசோம் கணக்கையெல்லாம் இந்த வழக்குக்குப் பிறகே தேடிப் படித்தேன். நம்பிக்கை முதலில் ஆளைப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆதாரம் பின்னால் வந்து சேர்கிறது.

இதை நீதிமன்றம் தீர்த்துவைக்க முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 1925-ல் 100 டாலர் அபராதம் விதித்தார்கள். பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த அந்தச் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது. டார்வின் கொள்கை தவறு என்று அறிவிக்கக் கோரி நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மனு 2024 அக்டோபரில் தள்ளுபடியானது. தீர்ப்பு வரும், மனசு அசையாது. கடவுள் நம்பிக்கை குறுக்கே நிற்கிறது என்பதும் முழு உண்மையில்லை. பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996-ல் அறிவித்திருக்கிறார். சாமி கும்பிடும் கை எதையும் தள்ளிவிடுவதில்லை, தன் இடம் பறிபோகும் என்று பயந்த கைதான் தள்ளுகிறது.

அன்று திண்ணையில் நான் குரோமோசோம் பேசவில்லை, பேசவும் தெரியாது. "குரங்கு உங்கள் பாட்டன் என்று பாடம் சொல்லவில்லை பெரியவரே. குரங்கு பங்காளி. அதற்கும் நமக்கும் மேலே ஒரு பொதுப் பாட்டன் இருந்தான், அங்கே கிளை பிரிந்தது" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் வலை முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆணையரின் அறிக்கையையும் அடங்கலையும் நீதிபதி சேர்த்துவைத்துப் பார்த்து, நெல் விளைந்த நிலம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. நகல் வாங்கப் பெரியவர் பேத்தியோடு வந்தார். தாளை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஏதோ விட்டுப்போனதுபோல் திரும்பினார்.

"வக்கீலய்யா, அந்தப் பங்காளின்னு சொன்னீங்களே. எப்பப் பிரிஞ்சது?"

அறுபது, எழுபது லட்சம் வருஷம் இருக்கும் என்றேன். தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று பேத்தி மனக்கணக்குப் போட்டு, "ரெண்டரை லட்சம் தலைமுறை தாத்தா" என்றாள்.

"அவ்ளோ முந்தி பாகம் பிரிஞ்சதா" என்றார் பெரியவர். "அப்ப பாட்டுக்கு ஒண்ணும் வராது."

ஒப்புக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யார் பார்த்தது என்று கேட்டிருந்தவர் இப்போது எப்போது பிரிந்தது என்று கேட்டிருக்கிறார். பேருந்து நிலையம் வரைக்கும் பேத்தி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார்.