முத்திரை உடையாத பெட்டி

கோட்டாறு தூய சவேரியார் திருவிழாவுக்கு வளைகுடாவிலிருந்து வரும் தந்தையர் சிலர், பிள்ளைகளுக்கு லெகோ கட்டைப் பெட்டிகள் கொணர்வதைக் காண்கிறோம். டென்மார்க்கில் 1958-இல் உருவம் பெற்ற கட்டையோடு இன்றைய கட்டையும் பொருந்தும். பேரனுக்கும் உதவும் பொருள்தான். ஆயினும் சில இல்லங்களில் அது அலமாரியில் பூட்டப்படுகிறது. உற்பத்தி நின்றபின் விலை ஏறுமாம்!

ஏறுவதும் உண்மையே. 1987 முதல் 2015 வரையிலான 2,322 பெட்டிகளை ஆராய்ந்த மாஸ்கோ பொருளியலார், ஆண்டுக்குச் சராசரி 11 விழுக்காடு ஆதாயம் கண்டனர். சில பெட்டிகள் நட்டமும் தந்தன. ஆனால் நல்ல விலை முத்திரை உடையாத பெட்டிக்கே. பொன்னையேனும் மகள் அணிவாள்; அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். இப்பெட்டியை எவ்வங்கி ஏற்கும்?

சேகரிப்பதை நாம் குறைகூறவில்லை. விரும்புவோர் தமக்கென வாங்கி வைக்கட்டும். மகனுக்கென்று கொணர்ந்ததோ மகனுடையது. தந்தையின் விடுமுறையும் சில வாரங்களே; இருவரும் தரையிலமர்ந்து கட்ட, அதற்குள் எத்தனை மாலைகள் கிட்டும்?