மாமாவின் முழங்காலும் அமெரிக்கச் சட்டமும்

டாம்பா, ஃப்ளோரிடா

போன வாரம் தபால் பெட்டியில் ஒரு பளபளப்பான அழைப்பிதழ். 'முழங்கால் வலியா? விளக்கக் கூட்டத்துக்கு வாருங்கள், மதிய உணவு இலவசம்.' கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, மூட்டில் ஊசி போடுவார்களாம். இதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடையாது மாமா என்றேன். "என் வயித்துக் கொழுப்பை என் முட்டியில போட்டுக்க கவர்மெண்ட்ட எதுக்கு மாப்ளே கேக்கணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. இந்த நாட்டின் விடைதான் வேடிக்கை. கொழுப்பை எடுத்து, கழுவி, அதே அறுவை சிகிச்சையில் கன்னத்திலோ மார்பிலோ நிரப்பினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதில் கொலாஜினேஸ் என்ற நொதியை ஊற்றித் திசுவைக் கரைத்துச் சுழற்றினால் கதை மாறிவிடும். மோர் கடைந்தால் மிதக்கிற வெண்ணெயை எடுத்துக்கொள்வோமே, இங்கே அதற்கு நேர்மாறு: மிதக்கிற கொழுப்பைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் செல்களை எடுத்துக்கொள்கிறார்கள். அத்தோடு அது சட்டப்படி மருந்து, ஒப்புதல் வேண்டும்! ஒப்புதல் இல்லாமல் தப்ப இன்னொரு நிபந்தனையும் உண்டு. எடுத்த இடத்தில் பார்த்த வேலையையே போட்ட இடத்திலும் அது பார்க்க வேண்டும். கொழுப்பின் வேலை உடம்பை அடிபடாமல் தாங்குவது. மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்வது அதன் கணக்கில் வராது. 2022-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி மாமா கட்சியில் நின்று தீர்ப்பெழுதினார். 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இந்தக் கெடுபிடி ஏன் தேவை என்பதற்குச் சாட்சி எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள், கண் பார்வை மங்கியதற்காக இங்கே ஒரு கிளினிக்கில் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டார்கள். ஒரு கண்ணில் போட்டுப் பார்த்துவிட்டு மறு கண்ணைத் தொடுவோம் என்ற சாதாரண புத்திகூட இல்லை! மூவருக்கும் பார்வை பெருமளவு போய்விட்டது. 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது.

முறையாகப் பரிசோதித்து வந்ததும் உண்டு. குரோன் என்ற குடல் நோயில் ஆசனவாயருகே வரும் பவுத்திரத்துக்கு, பிறர் தானமாகக் கொடுத்த கொழுப்பின் செல்களை வளர்த்துச் செய்த அலோஃபிசெல் என்ற மருந்துக்கு 2018-இல் ஐரோப்பா ஒப்புதல் தந்தது. அடுத்த பெரிய ஆய்வில் அது தேறவில்லை. 2024 டிசம்பரில் அங்கே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தேறாததைத் திருப்பி எடுக்கிற அந்த நாணயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஃப்ளோரிடாவைப் பாருங்கள். 2025 ஜூலை முதல், எலும்பு மூட்டுக்கும் காயத்துக்கும் வலிக்கும், எஃப்.டி.ஏ. ஒப்புதல் இல்லாத சில ஸ்டெம் செல் சிகிச்சைகளை நோயாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்யலாம் என்று மாநிலமே சட்டம் போட்டிருக்கிறது. ஒரு கையால் பூட்டு, மறு கையால் சாவி.

ஊராக இருந்தால் அத்தை நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருப்பார். அந்த வாசனைக்கே பாதி வலி போய்விடும். விதி என்று பார்த்தாலும் நாம் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. ரத்த நோய்களுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆய்வுதான், கடை விரித்து விற்கக் கூடாது என்று 2017-இலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) எழுதி வைத்துவிட்டது. அதை மீறி விளம்பரம் செய்கிறவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் பக்கம் நின்று எந்த மாநிலமும் சட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.