மூன்று தண்ணீர், மூன்று மணல்

பரீட்சை முடிந்து ஊருக்குப் போனால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "திருச்சியில ஆத்துல தண்ணி எவ்வளவு போவுது?" பரீட்சை எப்படி எழுதினாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் நான் என்ன சொன்னாலும் சரிபார்க்க அவருக்கு வழி கிடையாது. தண்ணீர் விஷயத்தில் பொய் சொன்னால் நாலு நாளில் எங்கள் வாய்க்காலே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டி நடந்து, காவிரிப் பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. 1997 முதல் 2000 வரை, பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பரில் முடியும், இரட்டைப்படை ஏப்ரலில். மேட்டூரைக் கணக்குப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும். கணக்குப்படி திறந்த வருஷங்கள் குறைச்சல்தான். ஆனாலும் நவம்பரில் அணையோ மழையோ ஏதோ ஒன்று ஆற்றின் மானத்தைக் காப்பாற்றிவிடும். ஏப்ரலில் மணல், நடுவே நூல் பிடித்தமாதிரி ஒரு ஓட்டம். ஆக, நான் பட்டம் வாங்கிய கதை மூன்று தண்ணீர், மூன்று மணல்.

முதலில் பிராக்டிகல் வரும். டார்க் ரூமில் சோடியம் விளக்கைப் போட்டால் உடனே மஞ்சள் வராது. முதலில் ஒரு வெளிறின ரோஜா நிறம். சில நிமிஷம் கழித்துத்தான் மெல்ல மஞ்சளுக்கு ஏறும். ஏறிவிட்டால் அந்த அறையில் வேறு நிறமே இருக்காது. பக்கத்து மேசைக்காரனின் சிவப்புச் சட்டை கறுப்பாகிவிடும், அவன் முகம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் முகம்போல ஆகிவிடும். கிரேட்டிங்கை வைத்து அந்த மஞ்சளின் அலைநீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டுக் கோணத்தை எழுதிக்கொள்வோம். அப்படியே 5893 வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று 5887 வரவைப்போம். வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் ஒருமுறை என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "காலையில வந்த பேட்ச்சுக்கும் 5887தான் தம்பி வந்துச்சு" என்றார். மார்க் போடாமல் விடவில்லை, நல்ல மனுஷர்.

என் அறைத்தோழன் காமர்ஸ். விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். அவன் தேவகோட்டை, நான் மன்னார்குடி. அவர்கள் பேப்பர் சீக்கிரம் முடியும். எங்களுக்கு நாலைந்து நாள் பாக்கி இருக்கும். ஒவ்வொரு செமஸ்டரும் அவன் முதலில் கிளம்புவான், நான் கடைசியில். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவனும் என்னோடு பாலத்துக்கு வருவான். முதல் நவம்பரில் ஆற்றைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்ல இவ்வளவு தண்ணியப் பாக்கணும்னா கம்மா உடையணும் மாப்ள" என்றான். பின்னால் மலைக்கோட்டை, எதிரே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். ஊரே பழசு, 1987-ல் கட்டி முடித்த அந்தக் கோபுரம் மட்டும் எங்கள் இரண்டு பேரையும்விட இளையது.

நாங்கள் சேர்ந்த வருஷம் ஜூலையில்தான் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் எடுத்திருந்தார்கள். எடுத்தால் என்ன? அவன் மருது பாண்டியர் வண்டியில்தான் போனான், நான் சோழன் வண்டியில்தான் போனேன்.

போகும்போது வாளியை என்னிடம் ஒப்படைப்பான். பச்சை பிளாஸ்டிக் வாளி. பிடி உடைந்து நைலான் கயிறு கட்டியிருக்கும். அடியில், கம்பியைச் சுட்டு இழுத்த இரண்டு எழுத்து: அவன் பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. விடுதியில் வாளி காணாமல் போவதைப்போல வேறெதுவும் காணாமல் போகாது. பூட்டிய அறைக்குள்ளிருந்தே போகும்.

அவன் போனபின் வரும் அந்த நாலு நாளைப் பற்றித்தான் எனக்கு இன்றுவரை ஒரு கணக்குத் தீரவில்லை. சந்தோஷமாக இருக்கும். உண்மையைச் சொல்வதற்கென்ன! ஃபேனை ஐந்தில் வைக்கலாம். அவனுக்கு மூன்றுக்கு மேல் போனால் தும்மல். இரண்டு மேசையும் எனக்கு. குழாயடியில் வரிசை கிடையாது. மெஸ்ஸில் பத்துப் பேர்தான் மிஞ்சியிருப்போம் என்பதால் மாஸ்டர் கேட்காமலே இரண்டாவது ஆம்லெட் வைப்பார். சரக்கறையில் மிஞ்சின காயெல்லாம் ஒரே சாம்பாரில் மிதக்கும். அதெல்லாம் முதல் ராத்திரிக்கு. மறுநாள் ராத்திரி, தாழ்வாரத்தில் யாரோ செருப்புத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஊருக்குப் போகத் தவிப்பதும் நான்தான், இந்த வெறும் கட்டிடத்தை விட்டுப்போக மனசில்லாமல் படுத்திருப்பதும் நான்தான்.

1999 ஏப்ரல், நாலாவது செமஸ்டர். அவன் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், "பாலம் வரைக்கும் போலாமா?" என்றான். மறுநாள் எனக்குப் பேப்பர், பாதிப் பாடம் தொடவேயில்லை. "மணல்ல போய் என்னத்தடா பாக்கறது" என்றேன். அவன் மட்டும் போய்விட்டு வந்தான் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. விடியற்காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாளியப் பாத்துக்க மாப்ள" என்றான். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் கையை மட்டும் தூக்கினேன். கதவு சாத்தின மறுநிமிஷம் எழுந்து ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

ஜூனில் அவன் வரவில்லை. ஜூலையில் ஒரு இன்லண்டு லெட்டர். அப்பாவுக்கு ஒரு கையும் காலும் விழுந்துவிட்டது, கடையில் உட்கார ஆளில்லை, டி.சி. வாங்க மாமா வருவார், நோ டியூஸ் கையெழுத்துகளை முடித்து வைக்க முடியுமா என்று கேட்டிருந்தான். மடிக்கிற ஓரத்தில் குறுக்கே ஒரு வரி: "வாளிய நீயே வச்சுக்க. எவனுக்கும் குடுக்காத." லைப்ரரி, லேப், மெஸ், ஸ்போர்ட்ஸ் என்று நாலு இடத்திலும் அலைந்து கையெழுத்து வாங்கி வைத்தேன். பதில் கடிதம் எழுத செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்கு அவன் பதில் எழுதவில்லை.

ஆறாவது செமஸ்டர் முடிவு, அதாவது எல்லாரும் உருகி எழுதுகிற அந்தக் கடைசி நாள், எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. ஆட்டோகிராஃப் நோட்டுகள் சுற்றி வந்தன. எல்லாவற்றிலும் "மறக்கமாட்டேன்" என்று ஒரே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன், சோடியம் மஞ்சளுக்கு 5887 எழுதினதைப்போல.

பாலத்துக்குப் போனேன். மணல்.

படுக்கையைச் சுருட்டி, பெட்டியோடு பச்சை வாளியையும் கோர்த்துக்கொண்டு ஊர் போய் இறங்கினேன். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார், சொன்னேன். வாளியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கனமான சாமானா இருக்கே. என்ன விலை?"

"சிநேகிதன்து" என்றேன்.

அந்தக் கோடையிலிருந்து அது மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்கிற வாளியாயிற்று. கடைசிச் சொட்டுவரை நக்கிவிட்டு மாடு அதை மூக்கால் தள்ளிக் கவிழ்க்கும். அப்போது அடியில் அந்த இரண்டு எழுத்தும் தெரியும்.