அத்தையின் குரலுக்கு ஒரு பெட்டி

எதை வாங்கினாலும் பெரியதாக வாங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்காரரின் கொள்கை. இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்குப் பத்து லிட்டர் குக்கர் வாங்கி வந்தவர் அவர். "நாளைக்கு நாலு பேர் வந்தால்?" என்பார். கார்த்திகை தீபத்துக்கு நாலு பேர் என்ன, இருபது பேர் வருகிறார்கள், வாஸ்தவந்தான். மற்ற நாட்களில் அந்தக் குக்கர் பரணில் தவம் இருக்கிறது. ஆகவே, கம்ப்யூட்டருக்கு வெளியில் வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

அந்தப் பேச்சு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் ஒரு தாழ்வான சந்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழை விடாமல் கொட்டியது. அன்று மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்தச் சேதி எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்பே தெருத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது. கரண்டும் இல்லை. நான் அரிசி டின்னைத் தூக்கினேன். அவரோ மேஜைக்கு அடியில் தரையில் கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏங்க, அரிசி முக்கியமா, அது முக்கியமா?" என்று கத்தினேன்.

"அம்மா இதிலேதானே இருக்காங்க" என்றார்.

அரிசி டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

அத்தை 2022-ல் காலமானார். ஆரணியில் பிறந்தவர். தாலாட்டு, நலங்கு, ஒப்பாரி என்று எதைக் கேட்டாலும் பாடுவார், கேட்காவிட்டாலும் பாடுவார். இவர் அவ்வப்போது அதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார். மொத்தம் அறுபத்து மூன்று பாட்டும் பேச்சும், பதினொரு வீடியோவும். அந்தப் பழைய செல்போன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தையின் குரல் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம், அன்று மாலை தண்ணீரில் நிற்கப் பார்த்த அந்தத் தகரப் பெட்டிதான். இத்தனை வருஷமும் அது எங்களுக்கு உறைக்கவே இல்லை, பாருங்களேன்!

தூக்கிய அவசரத்தில் பெட்டி நிலைப்படியில் 'ணங்'கென்று மோதியது. மோதியதாலோ, வயசாகிவிட்டதாலோ, இரண்டு நாள் கழித்துப் போட்டபோது உள்ளேயிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். சென்னையில் இந்தத் தொழிலிலேயே இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "சித்தி, உடனே நிறுத்துங்க. உள்ளே தட்டு சுத்துது, அதுமேல தலைமுடி கனம்கூட இல்லாத இடைவெளியிலே ஒரு கை ஓடிக்கிட்டிருக்கு. அது தடுமாறினா இந்தச் சத்தம்தான். வெளியே ஒரு டிஸ்க் வாங்கிக்கிட்டு வந்தப்புறம் போட்டு, முதல் வேலையா காப்பி எடுங்க" என்றான்.

கடைக்குப் போனோம். இவர் வாயைத் திறந்ததும், "இருக்கிறதிலேயே பெரியது எது?" என்றார். கடைப் பையன் நாலு டி.பி. பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். நான் பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளில் ஒரு கணக்கு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது மொத்தமே 280 ஜி.பி. அதில் அத்தைக்கு ஒன்பது ஜி.பி. போதும். கல்யாண போட்டோக்கள் கொஞ்சம். மிச்சமெல்லாம் இவர் சேர்த்து வைத்த பழைய சினிமாக்கள்! ஒரு டி.பி. என்பது ஆயிரம் ஜி.பி. எங்கள் சொத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொள்ளும்.

"ஆனா மாட்டினா 931-ன்னுதான் காட்டும், அப்புறம் சண்டைக்கு வராதீங்கம்மா" என்றான் பையன். பெட்டி செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது, அதுதான் வித்தியாசமாம். ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலத்தை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரே மேஜைமேல் இரண்டு படி!

இவர் சும்மா இருப்பாரா? செல்போனை நீட்டி, "இதோ பார், பதினாறு டி.பி., உன் விலையில் பாதி" என்றார். பையன் சிரித்தே விட்டான். அந்த மாதிரிப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டுதானாம். பதினாறு என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்களாம். எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். தன் நிஜ அளவு தாண்டியதும் பழையதன்மேலேயே புதியதை எழுதிவிடும். இடம் இருக்கிறது என்று நம்பி வைத்த பொருள் ஓசைப்படாமல் போய்விடும். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எஸ்.எஸ்.டி. என்று இன்னொரு வகையும் காட்டினான். சுற்றுகிற தட்டே கிடையாது, கை தவறி விழுந்தாலும் சுலபத்தில் கெடாது, படு வேகம். விலை அதிகம். தினமும் எடுத்து வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சரி. நாங்கள் எழுதி அலமாரியில் வைக்கப்போகிறவர்கள். வருஷக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் வைத்தால் அதில் எழுதியது மங்கிப்போகக்கூடும் என்று அக்கா மகன் எச்சரித்திருந்தான். ஆகவே சுற்றுகிற தட்டே போதும் என்றேன். மேஜையில் வைக்கிற பெரிய ரகத்துக்குச் சுவரில் தனி ப்ளக் வேண்டும். உள்ளங்கை அளவு இருக்கும் சின்ன ரகத்துக்குக் கம்ப்யூட்டர் ஒயரிலிருந்தே கரண்டு வந்துவிடும். எங்கள் கூடத்தில் இருக்கிற ஒரே ப்ளக்குக்கு டி.வி.யும் மிக்ஸியும் ஏற்கெனவே போட்டி போடுகின்றன. எனவே சின்ன ரகம்தான் என்று முடிவாயிற்று.

"மூணு வருஷம் வாரண்டி" என்றான் பையன்.

"உள்ளே இருப்பதற்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா, பெட்டிக்கு. கெட்டுப்போனா வேற பெட்டி கொடுப்பாங்க."

காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. "நாலு டி.பி. ஒன்று வேண்டாம். ஒரு டி.பி. இரண்டு கொடு" என்றேன். இவருக்குத் திகைப்பு. "எதுக்கு ரெண்டு? காப்பிதான் எடுத்துடப் போறோமே?" என்றார். "வீட்டிலே இருக்கிறது கண்ணை மூடிக்கிட்டா, அப்புறம் இந்தப் பெட்டிதானே ஒத்தை? அதுவும் கீழே விழுந்தா?" என்றேன். பையன் இரண்டை வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து எடுத்தான். ஒரே கம்பெனியில் ஒரே சமயம் செய்தவை என்றால் ஒரே குறை இரண்டிலும் இருக்கலாம் அல்லவா? விலை கூட்டிப் பார்த்தால் நாலு டி.பி. பெட்டிக்குக் கிட்டத்தட்ட வந்தது. இவர் முகம் வாடித்தான் போயிற்று.

அவரைத் தேற்ற, எங்கேயோ படித்ததை வழியில் சொன்னேன். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துகள். "அத்தையின் ஒரு தாலாட்டுக்கே திணறியிருக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்!" என்றேன். ஹார்ட் டிஸ்க்குக்கும் வெள்ளத்துக்கும் பழைய பகையும் உண்டு. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் முழுகியபோது உலகம் பூராவும் விலை ஏறிவிட்டது. எங்கள் கூடத்துக்கு வந்தது கணுக்கால் அளவுதான்.

அன்று ராத்திரி காப்பி எடுத்தோம். முதலில் எறும்பு ஊர்வது போல ஊர்ந்தது. அக்கா மகன் போனிலேயே, "முன்னாடி இருக்கிற கறுப்பு ஓட்டையிலே மாட்டியிருப்பீங்க சித்தி, பின்னாடி நீல நிறத்திலே இருக்கும் பாருங்க, அதிலே மாட்டுங்க" என்றான். மாட்டியதும் வேகம் பிடித்தது. அத்தையை முதலில் எடுத்தோம். சினிமாக்கள் வரிசையில் நின்றன. 'டக், டக்' கேட்கும்போதெல்லாம் இவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மணி இரண்டு ஆயிற்று.

மூன்று பதிவுகள் வரவில்லை. எத்தனை முறை முயன்றும் திறக்கவில்லை. அதில் ஒன்று, அத்தை தன் கல்யாணத்துக்கு ஆரணியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த கதை. "எனக்குத்தான் ஞாபகம் இருக்கே" என்றார் இவர். ஆனால் அத்தை சொல்வது போல அவருக்குச் சொல்ல வராது. அது அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 13-ம் தேதி மலையில் தீபம் ஏற்றினார்கள். மொட்டை மாடியிலிருந்து சேவித்துவிட்டு எல்லோரும் கூடத்துக்கு இறங்கி வந்தோம். இவர் புதுப் பெட்டியை டி.வி.யில் மாட்டி ஒரு தாலாட்டைப் போட்டார். சத்தமே இல்லை, குழந்தைகள்கூட வாயடைத்து உட்கார்ந்தன. இரண்டாவது அடியில் பாட்டு சட்டென்று நின்று, அத்தையின் குரல் அதட்டியது: "அடியே, பால் பொங்குது பாரு! எங்கே போனே?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். இருபது பேர் காப்பிக்குப் பத்து லிட்டர் குக்கரில் பால் வைத்திருந்தேன்.

இரண்டாவது பெட்டியை மறுநாள் எங்கள் மகள் வேலூருக்கு எடுத்துப் போனாள். இரண்டும் ஒரே சந்தில் இருந்தால், ஒரே தண்ணீருக்குத்தானே போகும்? பழைய பட்டுப் புடவையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கவேண்டும் என்று இவர் மூன்று தடவை சொன்னார். பஸ் நகர ஆரம்பித்த பிறகும் விடவில்லை. ஜன்னலோரமாகவே கூட நடந்துகொண்டு, "கம்ப்யூட்டர்லே சொல்லிட்டு எடு, ஒயரை அப்படியே பிடுங்காதே" என்றார்.