லண்டனில் ஐந்து விநாடி!

லண்டன் போய் வந்தவர்கள் முதலில் குளிரைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதலில் கிளம்பியது பவுன் பிரச்னை.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் "ஒரு காபி மூணு பவுண்டு" என்று சகலை சொன்னதுதான் தாமதம், அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மூணு பவுனா? அதுல இவளுக்கு ஒரு செயின் பண்ணிப் போட்டுடலாமே!"

காரில் எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் பாதி சரி. நம் நகைக்கடைப் 'பவுன்' பிறந்ததே அந்த ஊரில்தான். சவரன் என்கிற இங்கிலாந்துத் தங்க நாணயத்தின் எடை 7.98 கிராம். நாம் தாராள மனசுக்காரர்கள், எட்டு என்று வைத்துக்கொண்டோம். விஷயம் புரிந்த பிறகு அம்மா தங்கத்தை விட்டுவிட்டுத் தொண்ணூறால் பெருக்க ஆரம்பித்தாள். அப்போது ஒரு பவுண்டு சுமார் தொண்ணூறு ரூபாய். அப்புறம் பத்து நாளைக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் நிம்மதியாக எதையும் வாங்கித் தின்னவில்லை.

இது 2019 மே மாதம். நான், மனைவி, பதின்மூன்று வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண், என் அப்பா, அம்மா என்று ஆறு உருப்படி. மச்சினியும் சகலையும் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார்கள். அந்தப் பேட்டையில் இறங்கி நடந்தால் விமான டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணோ என்று சந்தேகம் வரும். சேலைக் கடை, தோசைக் கடை, கொத்துக் கறிவேப்பிலை, கொஞ்ச தூரத்தில் கோபுரத்தோடு முருகன் கோயில்! "இதுக்கா பதினோரு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தோம்?" என்று அப்பா கேட்டார்.

சகலை ஒரு பிளான் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். முதல் நாள் பிக் பென். பிக் பென் என்பது கோபுரத்தின் பெயரல்ல, உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர் என்று பையன் வழியெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டு வந்தான். போய்ப் பார்த்தால் மணிச் சத்தமும் இல்லை, கோபுரமும் இல்லை! 2017-ல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்ததால் உச்சி வரை சாரம் கட்டி மூடியிருந்தார்கள். ஒரே ஒரு கடிகார முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. "கும்பாபிஷேகத் திருப்பணி போலிருக்கு" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டவர் ஆஃப் லண்டன். கோஹினூர் வைரத்தைப் பார்க்க நாம் நடக்க வேண்டாம், தரையே நகர்ந்து நம்மைக் கொண்டுபோகிறது. நின்று பெருமூச்சு விடக்கூட அவகாசம் கிடையாது. 105.6 காரட். அம்மா சுற்றிச் சுற்றி வந்து மூன்று தடவை பார்த்துவிட்டு, "நம்ம சாமான்தானே, எத்தனை தடவை பார்த்தா என்ன?" என்றாள். பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் அம்மாவுக்கு அதன் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள். ஆந்திராவிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிய கற்கள். அப்பா அந்த இடத்தில் வெகு நேரம் நின்றார். எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சகலையிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை, உங்க லிஸ்ட்டுல கிரீன்விச் இல்லையே?"

"அங்க ஒண்ணுமில்ல மாமா. தரையில ஒரு கோடு. மேல ஏறணும் வேற, உங்க முட்டிக்கு ஆகாது."

"ஆமாமா" என்று அப்பா தலையை ஆட்டிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். எனக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். அப்பா 1968 முதல் 2001 வரை, மன்னார்குடிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் பாடம் அட்சரேகை, தீர்க்கரேகை. போர்டில் பெரிய வட்டம் போட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுப்பார். ஸ்கேல் கிடையாது! "இதான்டா கிரீன்விச். உலகத்துக்கே மணி இங்கேர்ந்துதான் ஆரம்பம்." நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன். வருஷா வருஷம் ஏதாவது ஒரு வால் எழுந்து, "சார், நீங்க அதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்கும். அப்பா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருடா" என்பார். முப்பத்து மூன்று வருஷமும் அதே கேள்வி, அதே பதில்.

இப்போது வயது எழுபத்தாறு. முட்டித் தேய்மானம். 'மாடிப்படி ஏறுவதைக் கூடிய மட்டும் தவிர்க்கவும்' என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை லண்டன் என்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டிய பிளானில் மெழுகு பொம்மைக் கண்காட்சியை அடித்துவிட்டு 'கிரீன்விச்' என்று எழுதினேன். மனைவி முறைத்தாள். அவள் ஒரு நடிகரின் பொம்மையோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஆறு மாதமாகப் புடவை எடுத்து வைத்திருந்தாள். அந்தக் கதை தனி.

டி.எல்.ஆர். என்று ஒரு ரயில். டிரைவர் கிடையாது. முதல் சீட்டில் பெண் உட்கார்ந்துகொண்டு தானே ஓட்டுகிற பாவனையில் வந்தாள். கட்டி சார்க் ஸ்டேஷனில் இறங்கினால் 1869-ல் கட்டிய தேயிலைக் கப்பல் தரையில் நிற்கிறது. அதைத் தாண்டினால் பூங்கா, பூங்காவில் ஒரு குன்று, குன்றின் மேல் வானாராய்ச்சி நிலையம். 1675-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஏற்படுத்தியது.

சகலை எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். "ஜீரோ டிகிரிக்கு என்னைத் தள்ளிக்கிட்டா போறது?" என்று சொல்லிவிட்டு அப்பா கைத்தடியை ஊன்றினார். நல்ல செங்குத்தான ஏற்றம். பத்தடிக்கு ஒரு மூச்சு, கண்ணில் பட்ட பெஞ்சிலெல்லாம் ஓய்வு. உட்காரும்போதெல்லாம் பேத்திக்குக் கதை. 1707-ல் கடலில் எங்கே இருக்கிறோம் என்று கணக்குத் தெரியாமல் நான்கு போர்க்கப்பல்கள் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கியது, அதற்கப்புறம் 1714-ல் தீர்க்கரேகையைக் கண்டுபிடிப்பவருக்கு இருபதாயிரம் பவுண்டு பரிசு என்று பார்லிமென்ட் அறிவித்தது... அம்மா உடனே தொண்ணூறால் பெருக்கினாள்.

மேலே போனதும் கூட்டம் வாசலில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது. கூரையில் ஒரு சிவப்புப் பந்து. 1833-லிருந்து தினம் மத்தியானம் ஒரு மணிக்கு அது கம்பத்தில் ஏறி விழும். தேம்ஸ் நதிக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். 12.55-க்குப் பாதி ஏறியது. 12.58-க்கு உச்சி. சரியாக ஒரு மணிக்கு... தொப்! "இவ்ளோதானா?" என்றாள் அம்மா.

அடுத்த குழப்பம் வாசல் சுவர்க் கடிகாரம். என் வாட்ச்சில் மணி ஒன்று. அந்தக் கடிகாரத்தில் பெரிய முள் மேலே, சின்ன முள் நேர் கீழே. ஆறு மணி! அம்மா வாட்ச்சில் மட்டும் இந்திய நேரம், ஐந்தரை. ("ஊருக்குப் போய்த் திரும்ப யார் மாத்தறது?") மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, "அவங்க கடிகாரம் அரை மணி ஃபாஸ்ட்டா ஓடுது" என்று தீர்ப்பு சொன்னாள். அப்பாவுக்கு வந்ததே உற்சாகம்! அது 1852-ல் மாட்டிய இருபத்துநாலு மணிக் கடிகாரம். பன்னிரண்டு கீழே இருக்கும். தவிர, கோடைக்காலத்தில் ஊர் முழுக்க ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ள, இது மட்டும் அசையாமல் கிரீன்விச் நேரத்தையே காட்டும். ஆக மணி பன்னிரண்டு. சுற்றி நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள்கூட, பாஷை புரியாமலே, அப்பாவின் கைத்தடி காட்டிய பக்கமெல்லாம் பார்த்தார்கள்.

உள்ளே ஹாரிசன் செய்த கடிகாரங்கள். தச்சு வேலை செய்தவர். 1759-ல் அவர் முடித்த நாலாவது கடிகாரம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. கப்பலில் ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது எண்பத்தொரு நாளில் அதில் பிசகியது ஐந்து விநாடி! அப்படியும் பாக்கிப் பணம் கைக்கு வந்தது 1773-ல், எண்பது வயதில். அப்பா என்னைப் பார்த்தார். "பரவால்லடா. என் பென்ஷன் பாக்கிக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

முற்றத்தில் அந்தக் கோடு. உலோகப் பட்டை. இரண்டு பக்கமும் காலை வைத்துப் போட்டோ எடுக்க நீள வரிசை. எங்கள் முறை வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றினார். வலது கால் கிழக்கு, இடது கால் மேற்கு. கைத்தடியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பென்ஷன் புத்தகத்துக்குக்கூட அப்படி நிமிர்ந்து அவர் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பையன் போனை நீட்டினான். "தாத்தா, இது ஜீரோ இல்ல. அஞ்சு செகண்ட் மேற்குன்னு காட்டுது."

"மெஷின் தப்பா இருக்கும்."

என் போன், சகலை போன், மச்சினி போன். எல்லாவற்றிலும் 0 டிகிரி, 0 நிமிடம், 5 விநாடி மேற்கு. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பையனை ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. அவன் என்ன செய்வான், பாவம்.

அங்கே வேலை செய்கிற ஒரு அம்மாளிடம் சகலை போய்க் கேட்டார். தினம் இருபது பேர் கேட்பார்கள் போல. சிரித்துக்கொண்டே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஜார்ஜ் ஏரி என்கிற விஞ்ஞானி 1851-ல் தன் தொலைநோக்கியை வைத்த இடம்தான் இந்தக் கோடு. 1884-ல் வாஷிங்டனில் இருபத்தைந்து நாடுகள் கூடி இதையே உலகத்துக்குப் பொதுக்கோடாக ஏற்றுக்கொண்டன. ஏரி நேர்குத்தாகப் பார்ப்பதற்குப் பாதரசத் தொட்டியை நம்பினார். ஆனால் பூமியின் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால், அங்கே புவியீர்ப்பு துளியூண்டு சாய்ந்து இழுக்கிறது. செயற்கைக்கோள் பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப்படி ஜீரோ இங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே.

அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டார்.

"கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பாப்பான்ல? அது நேரா தொங்குதுன்னு நம்பித்தான் சுவத்தை எழுப்புறான். இங்க குண்டே லேசா சாஞ்சு தொங்கியிருக்கு. கொத்தனார் மேல தப்பில்ல. புரியுதா?" இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் ஆன விஷயம் தமிழில் நாலு வரியில் முடிந்துவிட்டது.

"சரி, நட. அந்த நூத்தி ரெண்டு மீட்டரையும் பாத்துடுவோம்."

"முட்டி..." என்று அம்மா ஆரம்பித்தாள். கேட்பார் யார்? பையன் போனைப் பார்த்துக்கொண்டே முன்னால், அப்பா கைத்தடியோடு பின்னால். "நாலு... மூணு... ரெண்டரை..." என்று பேரன் சொல்லச் சொல்ல ஊர்வலம் போயிற்று. வழியில் சென்னைப் புராணம் வேறு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் கட்டியது, அதை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் டைம்படி ரயில்கள் ஓடியது, அது கிரீன்விச்சை விட ஐந்து மணி இருபத்தோரு நிமிஷம் முன்னால் இருந்தது, 1906-ல் இந்திய நேரம் வந்து அதை ஓரம் கட்டியது எல்லாம். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் 1911 வரை கிரீன்விச் பக்கமே திரும்பவில்லையாம். ஒப்புக்கொண்டபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரே வராமல் 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைவு' என்று எழுதிக்கொண்டார்களாம். "நம்ம சம்பந்தி வீடு மாதிரி" என்றார் அப்பா. மச்சினி இதைக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

"ஜீரோ!" என்று பையன் கத்தினான். வெறும் பூங்கா. கோடு இல்லை, பலகை இல்லை, டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. ஒருவர் நாயோடு போய்க்கொண்டிருந்தார். அப்பா மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இந்தத் தடவை போட்டோ எடுக்கச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். பெண் மெதுவாக என்னிடம் கேட்டாள், "தாத்தா அழறாராப்பா?"

"வெயிலும்மா" என்றேன். லண்டனில்!

ராத்திரி வீட்டில், ஈஸ்ட் ஹாம் எந்தக் கோட்டை வைத்துப் பார்த்தாலும் கிழக்கு அரைக்கோளத்தில்தான் இருக்கிறது என்றும், சகலையின் ஆபீஸ் மேற்கில் என்றும், அவர் தினம் இரண்டு தடவை அரைக்கோளம் தாண்டுகிறார் என்றும் அப்பா கண்டுபிடித்துச் சொன்னார். "அதான் மாமா, சாயங்காலம் வந்ததும் இவ்வளவு அசதி" என்றார் சகலை.

பழைய மாணவர்கள் அப்பாவை வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய அன்றைக்கே இரண்டு விரலால் தட்டித் தட்டி அவர் ஒரு செய்தி அனுப்பினார். 'நேரில் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த கோட்டில் ஐந்து விநாடி திருத்தம் உண்டு. குறித்துக்கொள்ளவும்.'

வாழ்த்துகள், கைகூப்பும் பொம்மைகள் எல்லாம் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர், இப்போது அவரே பேரன் எடுத்தவர், கேட்டிருந்தார். 'சார், அப்ப அரைப்பரீட்சையில நான் கோட்டைக் கொஞ்சம் கிழக்கால போட்டேன்னு முட்டை போட்டீங்களே. அந்த மார்க்?'

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் தட்டினார்.

'நீ போட்டது ரஷ்யா வழியாகப் போயிற்று. உக்காருடா.'