பார்க்காமல் போட்ட டிக்

கொரோனா காலத்தில் நான் பார்க்காத குழந்தைகளைப் பார்த்ததாக எழுதினேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் திட்டத்தின் நடமாடும் குழுவில் நான் மருத்துவர். 2013-இல் வந்த திட்டம். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை நேரில் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைச் சீக்கிரமே கண்டுபிடிப்பதுதான் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளியும் அங்கன்வாடியும் மூடின. எங்கள் வண்டியைக் காய்ச்சல் முகாமுக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் என் தவறு ஒன்றுமில்லை.

பிறகு போனிலாவது விசாரிக்கச் சொன்னார்கள். சறுக்கியது அங்கேதான். "பாப்பா நல்லா இருக்காளாம்மா?" "நல்லா இருக்கா டாக்டர்." டிக். மேற்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் சத்துக்குறைவு. போனில் எந்த நாடாவைக் கொண்டு அளப்பது? 'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கலாம். பரிசோதித்த குழந்தைகளின் சதவீதம் குறைந்தால் மாதக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைப்பார்களே என்று 'நார்மல்' என்று எழுதினேன்.

அப்படி நான் நார்மலாக்கிய ஒரு சிறுமியை அங்கன்வாடி திறந்தபின் பார்த்தேன். மூன்று வயது தாண்டியிருந்தது. பின்னால் நின்று கை தட்டினேன். அவள் பாட்டுக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செவித்திறனை அளக்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான், அப்படித்தான்னு நெனச்சோம்" என்றார் பாட்டி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா என்று போனில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இத்தனைக்கும் அடுத்த தெருவில் காய்ச்சல் முகாம் போட்டுத் தெர்மல் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டு வாசல் வரை போகவில்லை. தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம் பாதி, வேலை முடிந்தால் சரி என்ற அலுப்பு பாதி.

காலியாக விட்டிருந்தால் யாராவது பின்னர் தேடிப் போயிருப்பார்கள். நார்மல் என்று எழுதி அந்த வழியையும் நானே அடைத்தேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அவளுக்குக் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். ஆனால் மொழி வேர்பிடிக்கும் முதல் மூன்று ஆண்டுகள் போனது போனதுதான். "கொரோனா நேரம், நீங்க என்ன செய்வீங்க" என்று அவள் அம்மாவே எனக்குச் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்துக்கு எனக்குத் தகுதியில்லை.

இப்போது பார்க்காத குழந்தைக்குப் பார்க்கவில்லை என்றே எழுதுகிறேன். திட்டும் வாங்குகிறேன். பெற்றோரே, சத்தத்துக்குக் குழந்தை திரும்பவில்லை என்றால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை என்றால், எங்கள் வண்டிக்காகக் காத்திருக்காதீர்கள். அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய் இத்தகைய குறைகளைச் சீக்கிரமே கண்டறியும் டி.இ.ஐ.சி. மையம் எங்கே என்று கேளுங்கள். பரிசோதனைக்குக் காசு கிடையாது.